மெழுகுவத்தி செய்யலாம் வாங்க (விக்கிறதுக்கு இல்லை!)

புரட்டாசி முடிஞ்சு ஐப்பசி பொறக்கும்போது டில்லியில ரெண்டு விஷயம் தவறாம நடக்கும். ஒண்ணு, காத்துல ஒரு புகை வாசனை வந்து உக்காந்துக்கும். இன்னொண்ணு, நம்ம லக்ஷ்மிபாய் நகர் பக்கம் யாராவது ஒருத்தர் "மெழுகுவத்தி மோல்டு வாங்கிட்டேன், தீபாவளிக்குச் செஞ்சு விக்கப்போறேன்"னு கிளம்புவாங்க. கையில ஆறு குழி உள்ள பிளாஸ்டிக் அச்சு, பையில ரெண்டு கிலோ மெழுகு, கண்ணுல லட்சாதிபதிக் கனவு. 'வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்கலாம்'னு எங்கேயோ விளம்பரம் பார்த்த வேகம்!

நான் கணக்குப் பார்த்தே பிழைக்கிறவ (ஆடிட் உத்தியோகம்). அதனால என்கிட்ட யோசனை கேட்டு வர்றவங்களும் உண்டு. எல்லாருக்கும் ஒரே பதில்தான். செய்யுங்க, கட்டாயம் செய்யுங்க. ஆனா விக்காதீங்க. இதைக் கேட்டா பாதிப் பேர் முழிக்கிறாங்க. விக்கலைன்னா எதுக்கு மெனக்கெடணும், சரோஜினி நகர் மார்க்கெட்ல பாக்கெட் பாக்கெட்டாக் கிடக்குதேங்கறாங்க. நியாயமான கேள்விதான். கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

முதல்ல எந்த மெழுகுவத்தின்னு சொல்லிடணும். கரண்டு போனா ஏத்தற ஒல்லிக்குச்சி இல்லை. அலுமினியக் கிண்ணத்துல தட்டையா வருமே டீ லைட், அதுவும் இல்லை. ரெண்டு அங்குல உயரம், ஒன்றரை அங்குல அகலம், அடியில லேசா ஒடுங்கி, ஒரு குட்டிக் கண்ணாடித் தம்ளருக்குள்ள கச்சிதமா உக்கார்ற குண்டு மெழுகுவத்தி. ஏத்தினா தம்ளருக்குள்ளேயே முழுசா உருகித் தண்ணியாகி எரியும். டீ லைட் நாலு மணி நேரத்துல முடிஞ்சுடும். இது திரி சரியா இருந்தா சுமார் பத்து மணி நேரம் தாங்கும். இதுக்கு 'வோட்டிவ்'னு பேரு. லத்தீன்ல 'வோட்டும்'னா நேர்ச்சை. வேண்டிக்கிட்டு ஏத்தி வெச்சுட்டு, நாம வீட்டுக்குப் போனப்புறமும் நமக்காக எரிஞ்சுக்கிட்டு இருக்கிற விளக்கு. அதனால நான் வேண்டுதல் மெழுகுவத்தின்னே சொல்லிக்கிறேன்.

இது கிறிஸ்தவங்க சமாச்சாரமாச்சேன்னு நெனைக்கிறவங்களுக்கு: வேளாங்கண்ணியில ஆகஸ்ட் 29 கொடியேத்தத்துல இருந்து செப்டம்பர் 8 திருவிழா வரைக்கும் போய்ப் பாருங்க. ஆள் உசர மெழுகுவத்தியும், மெழுகுல செஞ்ச கை காலும் காணிக்கையாத் தூக்கிட்டு வர்ற கூட்டத்துல பாதிப் பேர் நெத்தியில விபூதி இருக்கும். கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்லயும் செவ்வாய்க்கிழமைன்னா எல்லா மதத்து ஜனமும்தான் மெழுகுவத்தி ஏத்துது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் அன்னிக்கு அங்கே குண்டு வெடிச்சப்புறமும் அந்தக் கூட்டம் திரும்பி வந்துச்சு.

நம்ம வீட்டுக்குள்ளேயே இதுக்கு ஒரு அக்கா உண்டு. மாவிளக்கு! பச்சரிசியை ஊற வெச்சு இடிச்சு, வெல்லம் சேர்த்துப் பிசைஞ்சு, நடுவுல குழிச்சு நெய் ஊத்தித் திரி போட்டு ஏத்தறோமே. புள்ளைக்குக் காய்ச்சல் இறங்கணும், வயித்து வலி தீரணும்னு வேண்டிக்கிட்டுப் போடறதுதானே? அதை யாராவது கடையில பாக்கெட்ல வாங்கி ஏத்துவோமா? மாட்டோம். ஏன்னா அங்கே காணிக்கை அரிசியும் வெல்லமும் மட்டும் இல்லை. இடிச்ச கை வலியும் சேர்த்துத்தான். மாமியார் மாவு இடிக்கும்போது வாயைத் திறந்து வம்பு பேச மாட்டாங்க, கவனிச்சிருக்கீங்களா? (மத்த நேரத்துக்கு நான் உத்தரவாதம் இல்லை.)

மெழுகுவத்தியையும் அந்த வரிசையில வெச்சுப் பாருங்கங்கறதுதான் என் கட்சி. வேண்டுதலுக்கு ஏத்தறது ஒண்ணோ பத்தோ, அதைக் கையால செய்யணும்.

ஊரை விட்டு ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற நமக்கு இது கூடுதலாவே பொருந்தும். எங்க பக்கத்து பிளாக்ல ஒரு தூத்துக்குடி அக்கா. அவங்க அம்மாவை ஊர்லதான் அடக்கம் பண்ணியிருக்கு. நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்னிக்கு அம்மா கல்லறையில மெழுகுவத்தி ஏத்தணும்னு அவங்களுக்கு வருஷா வருஷம் ஆசை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல ரெண்டு ராத்திரி போனா சென்னை. அங்கேருந்து இன்னொரு ராத்திரி. தீபாவளி நெருக்கத்துல டிக்கெட்டும் கிடைக்காது, லீவும் கிடைக்காது. அதனால இங்கேயே வீட்டுல, அம்மா படத்துக்கு முன்னாடி ஏத்திட்டு அழுதுக்கிட்டு இருப்பாங்க. ஒரு வருஷம் என் மோல்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, "நீங்களே ஊத்துங்கக்கா"ன்னேன்.

"எரியற சாமான்தான, யார் ஊத்துனா என்ன?"ன்னாங்க.

"ஊத்திப் பாருங்களேன்."

ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அடுப்படியில உக்காந்து ஆறு ஊத்தினாங்க. மெழுகு ஆற ஆற அம்மாவைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தாங்க. கருவாட்டுக் கொழம்புல இருந்து, கல்யாணத்தன்னிக்கு அம்மா சொல்லாம விட்டது வரைக்கும். நாலு வருஷமாப் பழக்கம், அவங்க அம்மா பேரே எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சது. ஊருக்குப் போக முடியாத கடனைக் கொஞ்சமாவது கையால கழிச்ச மாதிரி இருந்துச்சுன்னு அடுத்த நாள் சொன்னாங்க. கடையில வாங்கின வத்தியில இந்த மூணு மணி நேரம் கிடைக்காதுங்க.

இந்தப் பேட்டையில மெழுகுவத்திக்கு வேற காரணங்களும் இருக்கு. 2005 அக்டோபர் 29, சனிக்கிழமை. நவம்பர் 1 தீபாவளி. ஊரே துணிமணி வாங்க சரோஜினி நகர் மார்க்கெட்ல. சாயங்காலம் அங்கே குண்டு வெடிச்சது. பஹாட்கஞ்ச்லயும், கோவிந்த்புரி பக்கம் ஒரு பஸ்லயும்கூட. மொத்தம் அறுபது பேருக்கு மேல போயிட்டாங்க. அதுல பெரும்பாலானவங்க நம்ம மார்க்கெட்ல. லக்ஷ்மிபாய் நகர்ல இருந்து காய்கறிப் பையோட நடந்து போய் வர்ற தூரம். அந்த வருஷம் தீபாவளிக்கு இங்கே வெடிச் சத்தமே இல்லைன்னு பழைய ஆளுங்க இன்னும் சொல்லுவாங்க. அதுக்கப்புறம் வருஷா வருஷம் அந்தத் தேதியில போனவங்க குடும்பத்து ஆளுங்க மார்க்கெட்ல மெழுகுவத்தி ஏத்தற வழக்கம் வந்துச்சு.

2012 டிசம்பர் 16 ராத்திரி பஸ்ல சீரழிக்கப்பட்ட அந்தப் பொண்ணைக் கொண்டுவந்து போட்டது சப்தர்ஜங் ஆஸ்பத்திரியில. அதுவும் நமக்கு நடை தூரம். 26ஆம் தேதி சிங்கப்பூர் கொண்டுபோனாங்க, 29ஆம் தேதி போயிட்டா. அந்தக் குளிர்ல ஜந்தர் மந்தர்லயும் இண்டியா கேட்லயும் எரிஞ்ச மெழுகுவத்திகளை டிவியில எல்லாரும் பார்த்தோம். "மெழுகுவத்தி ஏத்தினா நியாயம் வந்துடுமா?"ன்னு அப்போ கிண்டல் பண்ணினவங்களும் உண்டு. வராதுதான். மாவிளக்கு போட்டாலும் டாக்டர்கிட்டயும் போகத்தானே செய்யறோம்! அப்புறம் 2020 ஏப்ரல் 5, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிஷம். ஊரடங்கு நேரம், கடையெல்லாம் பாதி மூடிக் கிடக்கு. அன்னிக்கு எங்க பிளாக்ல பல வீட்டுல மெழுகுவத்தி இல்லை. எங்க டப்பாவுல பதினொண்ணு இருந்துச்சு. ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போனாங்க. பெருமைக்குச் சொல்லலை. சரி, கொஞ்சம் பெருமைதான்.

இப்போ மோல்டுக்கு வருவோம். இதுல விஷயம் தெரியாமத்தான் நிறையப் பேர் முதல் நாளே கையைச் சுட்டுக்கிட்டு விட்டுடறாங்க.

பிளாஸ்டிக் அச்சுன்னா எல்லாம் ஒண்ணு இல்லை. கெட்டியா, கண்ணாடி மாதிரி இருக்கிற பாலிகார்பனேட் மோல்டு நூறு டிகிரியைத் தாண்டியும் அசையாது. மெல்லிசா, சாக்லேட் டப்பாவுக்குள்ள வர்ற தட்டு மாதிரி இருக்கிறது எழுபது டிகிரியிலேயே நெளிய ஆரம்பிச்சுடும். வீட்டுல கிடக்கிற டப்பாவை அச்சாக்கறவங்க அடியில முக்கோணத்துக்குள்ள இருக்கிற நம்பரைப் பாருங்க. 1 போட்டிருந்தா தண்ணி பாட்டில் ஜாதி, சூடான மெழுகு பட்டதும் சுருண்டுக்கும், வேண்டாம். 5 போட்டிருந்தா பாலிப்ராப்பிலீன், தயிர் டப்பா மாதிரி, தாங்கும். டப்பாவை முதல்ல வெந்நீர் ஊத்திப் பார்த்துட்டு அப்புறம் மெழுகு ஊத்தறது உத்தமம்.

சாமான் வாங்க திலக் பஜார். காரி பாவ்லி மசாலாக் கடைகளுக்குப் பக்கத்துல இருக்கிற கெமிக்கல் மார்க்கெட். ஐ.என்.ஏ. ஸ்டேஷன்ல மஞ்சள் லைன் மெட்ரோ ஏறினா சாந்தினி சௌக், அங்கேருந்து தும்மிக்கிட்டே நடக்கணும் (மிளகா மூட்டை!). பாரஃபின் மெழுகு கட்டியா, பாளமா இருக்கும். அம்பத்தெட்டு, அறுபது டிகிரியில உருகறதா கேட்டு வாங்குங்க. அதுக்குக் கீழே உருகற மெழுகு, டில்லி மே மாசத்து நாப்பத்தஞ்சு டிகிரியில அலமாரிக்குள்ளேயே கூனிக் குறுகிடும். பாரஃபின் எங்கேருந்து வருதுன்னா, பெட்ரோலியம் சுத்திகரிக்கும்போது. அசாம் டிக்பாய்ல 1901ல ஆரம்பிச்ச ஆலை மெழுகுக்குப் பேர்போனது. நம்ம சென்னை மணலி ஆலையிலயும் பாரஃபின் மெழுகு எடுத்திருக்காங்க. மணலிப் பக்கத்து ஆளுங்க வாசனை பிடிச்சே கண்டுபிடிச்சுடுவீங்க.

இதோட நூத்துக்கு அஞ்சு முதல் பத்து பங்கு ஸ்டியரிக் ஆசிட் சேர்த்தா வத்தி கெட்டியாகும், வெள்ளை வெளேர்னு இருக்கும், அச்சுல இருந்து சுலபமாக் கழண்டு வரும். அதை மாட்டுக் கொழுப்புல இருந்தும் எடுக்கறாங்க, பாமாயில்ல இருந்தும் எடுக்கறாங்க. சாமி காரியம்னா எதுல எடுத்ததுன்னு கேட்டு வாங்கிக்குங்க. இன்னொண்ணு, பாட்டியோட பித்தளைப் பாத்திரத்தை எடுக்காதீங்க. அந்த ஆசிட் செம்பு, பித்தளையில பட்டா பச்சை பூத்துடும். எவர்சில்வர் போதும்.

உருக்கும்போதுதான் ஜாக்கிரதை வேணும். நேரா அடுப்புல வெச்சு உருக்கவே கூடாது. பெரிய பாத்திரத்துல தண்ணி, அதுக்குள்ள மெழுகுப் பாத்திரம். தண்ணி நூறு டிகிரிக்கு மேல போகாது, அதனால மெழுகும் போகாது. நேரா வெச்சா, இருநூறு டிகிரி பக்கம் போனதும் அதோட ஆவி தீப்பிடிக்கும். மெழுகு எண்ணெய் மாதிரிதான். பிடிச்சுட்டா தண்ணி ஊத்தாதீங்க, வெடிச்சுத் தெறிக்கும். கேஸை அணைச்சு, தட்டு போட்டு மூடுங்க. பசங்களை அடுப்புக்கிட்ட விடாதீங்க. அவங்களுக்குத் திரி கோக்கற வேலை, கடைசியில அச்சைத் தட்டிக் கழட்டற வேலை. அதுதான் அவங்களுக்கும் பிடிக்கும். எங்க சின்னவன் கழட்டறதுக்காகவே ஸ்கூல் விட்டு ஓடி வருவான்.

ஊத்தற சூடு எழுபதுல இருந்து எழுபத்தஞ்சு டிகிரி. கெட்டி மோல்டுன்னா எண்பது. சமையல் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிக்கிட்டா நிம்மதி. ஊத்தினதும் அச்சைப் பக்கவாட்டுல லேசாத் தட்டுங்க, காத்துக்குமிழி மேலே வரட்டும். ஒரு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா நடுவுல குழி விழுந்திருக்கும். பயந்துடாதீங்க. பாரஃபின் ஆறும்போது பத்துல ஒரு பங்குக்கு மேலேயே சுருங்கும். அந்தக் குழியில ரெண்டாவது தடவை, முதல் தடவையை விட ஒரு அஞ்சு டிகிரி கூடுதல் சூட்டுல ஊத்தணும். முதல்ல ஊத்தின மட்டத்துக்குக் கீழேயே நிறுத்திடணும். மேலே வழிஞ்சா அச்சுக்கும் மெழுகுக்கும் நடுவுல இறங்கி, வத்தி வரவே வராது. அவசரப்பட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சா விரிசல் விடும். ஐப்பசி, கார்த்திகையில டில்லி வெயிலும் இல்லாம குளிரும் இல்லாம இருக்கிறதால தானா ஆறுறதுக்கு அது நல்ல பருவம். ஜனவரியில செஞ்சா ஓரத்துல வளையம் வளையமா கோடு விழும்.

திரி? பின்னல் போட்ட பருத்தித் திரிதான் வேணும். நம்ம பஞ்சுத்திரி இதுக்கு ஆகாது. அது எண்ணெய்க்குச் சரி, அப்பப்போ தூண்டி விடலாம். மெழுகுவத்தித் திரியைத் தூண்ட ஆள் இல்லை. பின்னின திரி எரியும்போது நுனி வளைஞ்சு சுடர் ஓரத்துக்கு வந்து தானே சாம்பலாயிடும். 1825ல பிரான்ஸ்ல கம்பாசெரேங்கறவர் பண்ணின உபகாரம் அது. அதுக்கு முன்னாடி கத்தரியும் கையுமா உக்காந்து கருகின நுனியை வெட்டிக்கிட்டே இருந்திருக்காங்க. கலருக்குப் பசங்க கிரேயானைப் போடாதீங்க. அதோட துகள் திரியை அடைச்சுடும். கேசரிப் பவுடரும் சேராது, அது தண்ணியில கரையற சாதி. என்னைக் கேட்டா வெள்ளையே அழகு.

மோல்டைத் தட்டிக் கழட்டும்போதெல்லாம் எனக்கு சுவாமிமலை ஞாபகம் வரும். அங்கே ஸ்தபதிகள் தேன்மெழுகுல குங்கிலியம் கலந்து முதல்ல சாமியைச் செய்வாங்க. மேலே காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காய வெச்சுச் சுட்டா, மெழுகு உருகி ஓடிடும். அந்தக் காலி இடத்துல உலோகத்தை ஊத்துவாங்க. சாமி வெளியே வர மண் அச்சை உடைச்சாகணும், அதனால ஒரு அச்சுல ஒரு சாமிதான். நம்ம பிளாஸ்டிக் அச்சு நூறு தடவை ஊத்தினாலும் நூறும் ஒரே முகம். ஆர்.கே. புரத்துல உத்தர சுவாமிமலைன்னு கோயிலே வெச்சுக்கிட்டு இருக்கிற நாம இதைப் பசங்களுக்குச் சொல்லலாம், அடுத்த தடவை மலை மந்திர் படி ஏறும்போது.

இப்போ வியாபாரக் கணக்கு. ஒரு வத்திக்கு அம்பதுல இருந்து அறுபது கிராம் மெழுகு. கிலோவுக்குப் பதினேழு, பதினெட்டு. ரெண்டு மோல்டு வெச்சிருந்தா ஒரு ஈட்டுக்குப் பன்னெண்டு. உருக்கி, ஊத்தி, ரெண்டாவது ஊத்தி, ஆறிக் கழட்ட மூணு நாலு மணி நேரம். நாள் பூரா நின்னா முப்பத்தாறு. வத்திக்குப் பத்து ரூபாய் நிக்குதுன்னே தாராளமா வெச்சுக்குவோம். முந்நூத்தி அறுபது ரூபாய். அதுல உடைஞ்சது, கோணினது, அத்தைக்குச் சும்மா கொடுத்தது எல்லாம் கழிச்சுக்குங்க. கேஸ் செலவு, மெட்ரோ செலவு, டப்பா செலவு தனி. தண்ணி ஓடற குளிர்ச்சி மெஷின்ல நூத்துக்கணக்கா ஒரே அடியில வார்க்கறவங்களோட இதை வெச்சுக்கிட்டு எப்படிப் போட்டி போடுவீங்க? ஒரு காலத்துல மெழுகுவத்தி சிறுதொழிலுக்குன்னே ஒதுக்கி வெச்ச பொருள். ஊறுகாய், தீப்பெட்டி, ஊதுவத்தியோட சேர்ந்து அந்தப் பட்டியல்ல கடைசி வரைக்கும் இருந்துச்சு. 2015 ஏப்ரல்ல அந்தக் கடைசி இருபது பொருளையும் விடுவிச்சுட்டாங்க. இப்போ யார் எவ்வளவு பெரிசா வேணும்னாலும் செய்யலாம்.

கணக்கை விடுங்க. என் நிஜமான காரணம் லால் பகதூர் சாஸ்திரி மார்க்ல இருக்கு. ஓபராய் ஹோட்டலுக்குப் பக்கத்துல பிளைண்ட் ரிலீஃப் அசோசியேஷன். 1944ல ஆரம்பிச்சது. டில்லிக்காரங்களுக்கு பிளைண்ட் ஸ்கூல்னா தெரியும். கண் பார்வை இல்லாதவங்களுக்கு அங்கே கத்துத் தர்ற தொழில்கள்ல மெழுகுவத்தியும் ஒண்ணு. தீபாவளிக்கு முன்னாடி அங்கே நடக்கிற பஜார் ரொம்பப் பிரசித்தம். அவங்க கையால வார்த்த வத்தி அங்கே விக்கும். நமக்கு மாசச் சம்பளம் இருக்கு. பொழுதுபோக்கா நாலு ஊத்தி, அதே தீபாவளிச் சந்தையில போய், அதே வாடிக்கைக்காரங்ககிட்ட, விலையைக் குறைச்சு விக்கிறது நல்லாவா இருக்கு? வீட்டுல இருந்து நிஜமாவே சம்பாதிச்சாகணும்கற நிலைமையில இருக்கிறவங்களை நான் சொல்லலை. அவங்களுக்கு இந்தப் பேச்சே வேற. 'ஜாலியா ஒரு ஸ்டால் போடலாம்'ங்கறவங்களைச் சொல்றேன். அவங்க அந்த பஜாருக்குப் போகட்டும், பேரம் பேசாம வாங்கட்டும். பன்னெண்டு வத்தி தானே ஊத்திப் பார்த்தவங்க பேரம் பேசவே மாட்டாங்க, அது வேற விஷயம்.

ஆக எங்க வீட்டு வழக்கம் இப்படி: படிக்கட்டு, பால்கனி அலங்காரத்துக்கு எல்லாம் விலைக்கு வாங்கறது. வேண்டிக்கிட்டு, நெனைச்சுக்கிட்டு ஏத்தறது மட்டும் வீட்டு மோல்டுல. கார்த்திகைக்கு அகல்தான்; அதுல நான் கை வைக்க மாட்டேன், மாமியார் விடவும் மாட்டாங்க. "பெட்ரோல்ல சாமிக்கு விளக்கா?"ன்னு அவங்க கேக்கறதுக்கு என்கிட்ட இன்னிக்கு வரைக்கும் பதில் இல்லை. தேன்மெழுகுல செஞ்சா ஒத்துப்பாங்களாம். விலையைச் சொன்னேன், பேசாம இருந்துட்டாங்க.

இன்னொரு சண்டை, ஊதி அணைக்கிறது. பர்த்டே கேக்குல ஊதிப் பழகின பசங்க இதையும் ஊதறாங்க. விளக்கை வாயால ஊதக்கூடாதுன்னு பெரியவங்க சொல்றதுல சாஸ்திரம் எப்படியோ, சயின்ஸ் இருக்கு. ஊதினா கனியற திரியில இருந்து மெழுகு ஆவி வெள்ளைப் புகையா வீடு பூரா பரவும். சூடான மெழுகும் தெறிக்கும். ஒரு சின்ன மூடியால மூடுங்க, சமர்த்தா அணையும். ஏத்தறதுக்கு முன்னாடி திரியைக் கால் அங்குலத்துக்கு வெட்டிடுங்க. நீளத் திரிதான் கரி கக்கறது. நவம்பர் டில்லிக் காத்துல நம்ம பங்குக்குக் கரி வேற எதுக்கு? வாசனைத் தைலமும் அதே காரணத்துக்காக நான் சேர்க்கறதில்லை. ஜன்னலைக் கொஞ்சமாவது திறந்து வைங்க, திரைச்சீலையைத் தள்ளிக் கட்டுங்க, தூங்கப் போகும்போது அணைச்சுடுங்க. மெல்லிசான கண்ணாடித் தம்ளர் வேண்டாம், அடிவரைக்கும் எரிஞ்சா விரிசல் விடும்.

எரிஞ்சு முடிஞ்சு தம்ளர்ல ஒட்டிக்கிட்டு இருக்கிற மெழுகை ஃப்ரீசர்ல அரை மணி வெச்சா சுருங்கித் தானே கழண்டுடும். அதைச் சேர்த்து வெச்சா அடுத்த ஈட்டுக்கு ஆச்சு. பாத்திரத்துல மிஞ்சினதைப் பழைய பேப்பர்ல துடைச்சுக் குப்பையில போடுங்க. சிங்க்ல மட்டும் ஊத்தாதீங்க. நம்ம குவார்ட்டர்ஸ் குழாய்க்குள்ள அது போய் உறைஞ்சா, கீழ்வீட்டுக்காரங்களோட வேண்டுதல் எல்லாம் உங்களைப் பத்தித்தான் இருக்கும்.